தீம் பார்க்கில் இரண்டு கூட்டம்

"டிஸ்னிலாந்துக்கு எப்பப் போனா கூட்டம் கம்மியா இருக்கும்?" கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் தமிழர்களிடம் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. பள்ளிக்கூடம் நடக்கிற நாளாகப் பார்த்து, வாரத்தின் நடுவில் போங்கள் என்று சொல்லிவிடுவோம். பதில் சரிதான். ஆனால் அதையே ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்கும் சொன்னால் பாதிதான் தேறும். அங்கே மேஜிக் கிங்டம் பூங்காவில் பல வாரங்களில் ஞாயிற்றுக்கிழமையைவிடத் திங்கட்கிழமை நெரிசல் அதிகம். ஒரே கம்பெனி, ஒரே எலி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் கோட்டை. கூட்டம் மட்டும் ஏன் தலைகீழாக நடந்துகொள்கிறது?

வாசலில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே திரளாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். அரை மணியோ ஒரு மணியோ கார் ஓட்டி வந்து, ராத்திரி தன் வீட்டுக் கட்டிலில் போய்ப் படுக்கிறவர் ஒருவர். லீவு சொல்லி, விமானம் ஏறி, ஹோட்டல் போட்டு, ஆறு மாதமாகத் திட்டம் தீட்டி வந்தவர் இன்னொருவர். முன்னவரை உள்ளூர்க்காரர் என்றும் பின்னவரை விடுமுறைக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம். எந்த நாளில், எந்த நேரத்தில், பூங்காவின் எந்த மூலையில் நெரியும் என்பது இவர்களில் யார் அதிகம் என்பதைப் பொறுத்தது. டிக்கெட் விலை, பாஸ் விதிகள், எந்த ரைடுக்கு எப்போது புது அலங்காரம் என்பதெல்லாம்கூட இதையொட்டித்தான் முடிவாகின்றன.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறந்தது. அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கிக் கட்டினார்கள். அப்புறம் ஊர் வளர்ந்து பூங்காவைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இன்று தெருவைத் தாண்டினால் மோட்டல், அதைத் தாண்டினால் வீடுகள். லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு கவுன்டி, சான் டியாகோ என்று இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் குடியிருக்கிறார்கள். டிஸ்னிக்குச் சொந்தமான ஹோட்டல் அங்கே மூன்றுதான்.

ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று ஆர்லாண்டோவுக்கு வெளியே, சதுப்பு நிலத்தில் திறந்தது. அனஹைமில் வாசலுக்கு எதிரே மற்றவர்கள் ஹோட்டல் கட்டிச் சம்பாதித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த வால்ட் டிஸ்னி, இந்த முறை முதலிலேயே சத்தமில்லாமல் நிலத்தை வளைத்துப் போட்டார். திறப்பு விழாவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1966-இல் இறந்துவிட்டார். மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர், சான் பிரான்சிஸ்கோ நகரம் அளவுக்கு. அதற்குள் நான்கு தீம் பார்க், டிஸ்னியின் சொந்த விடுதிகளே 25-க்கு மேல். ஆர்லாண்டோவையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் ஜனத்தொகை ஏறக்குறைய 30 லட்சம்தான். ஆனால் 2023-இல் அந்தப் பகுதிக்கு வந்துபோனவர்கள் 7.4 கோடி.

அதாவது அனஹைம் உள்ளூர்க்காரர் பூங்கா, ஆர்லாண்டோ விடுமுறைக்காரர் பூங்கா. டிஸ்னி ஒவ்வொரு பூங்காவுக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று தனித்தனியாக வெளியிடுவதில்லை. தீம் பார்க் தொழில் துறையின் சங்கமான TEA (தீம்டு என்டர்டெயின்மென்ட் அசோசியேஷன்) ஆண்டுதோறும் போடும் மதிப்பீட்டில், 2019-இல் மேஜிக் கிங்டத்துக்குச் சுமார் 2.1 கோடி வருகை, டிஸ்னிலாந்துக்குச் சுமார் 1.87 கோடி. பார்க்கப் பக்கத்துப் பக்கத்து எண்கள். ஆனால் இது வருகைக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை. வருடாந்திர பாஸ் வைத்திருக்கும் ஒருவர் வருஷத்தில் முப்பது முறை வந்தால் அனஹைமில் அது முப்பது வருகை. ஆர்லாண்டோவில் முப்பது வருகைக்குப் பெரும்பாலும் முப்பது பேர் வந்திருக்க வேண்டும்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். ஆர்லாண்டோவுக்குப் போகும் குடும்பம் சனி, ஞாயிறில் விமானம் ஏறும். ஞாயிறு மாலை ஹோட்டலில் பெட்டியை இறக்கிவிட்டு நீச்சல் குளத்தில் பிள்ளைகளை விடும். முதல் முழு நாள் திங்கள். முதல் நாளே கோட்டையைப் பார்க்காமல் பிள்ளைகள் விடாது, ஆகவே மேஜிக் கிங்டம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தனித்தனியாக உட்கார்ந்து இதே முடிவுக்கு வருகின்றன. அனஹைமில் கதை வேறு. வெள்ளி மாலை ஆபீஸ் முடிந்ததும், சனி, ஞாயிறு பகலிலும் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள்.

ஒரே ஐம்பதாயிரம், வேறு வேறு வரிசை

எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வரிசையின் நீளமும் தெரிந்துவிடும் என்று புதிதாகப் போகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி வராது. வந்தவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

மதுரைக்காரர் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். விளக்கு வைத்த நேரத்தில் போவார், பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருவார், முக்குறுணி விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மன் சன்னிதி வரிசை நீளமாக இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வேன் எடுத்து வந்தவரால் அப்படித் திரும்ப முடியுமா? வரிசை எவ்வளவு நீண்டாலும் நிற்பார். ஆயிரங்கால் மண்டபத்தையும் விடமாட்டார்.

டிஸ்னிலாந்தின் பாஸ்காரர்கள் இந்த மதுரைக்காரர் ஜாதி. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, வாசலை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட் நடைபாதையில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு தம்பதி சுரோ என்ற பொரித்த பலகாரத்தைக் கடித்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருப்பார்கள். டிக்கி ரூம் என்ற காட்சி அரங்கின் பக்கத்தில் அன்னாசி டோல் விப் ஐஸ்கிரீமுக்கு ஒரு வரிசை. புதிதாக வந்த பாப்கார்ன் டப்பா ஒன்றுக்காக அதைவிட நீளமாக இன்னொரு வரிசை. டப்பாதான் முக்கியம், பாப்கார்னை யார் சாப்பிட்டால் என்ன. ஜீன்ஸ் துணியில் கையில்லாத மேல்சட்டை போட்டு, முதுகில் குழுவின் பெயரைப் பெரிதாகத் தைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடப்பார்கள். மோட்டார் சைக்கிள் கும்பல் மாதிரித் தெரியும். பக்கத்தில் போனால் மேல்சட்டை முழுக்க மிக்கி பேட்ஜ். அங்கே இப்படிப் பல ரசிகர் குழுக்கள் உண்டு. இவர்களில் பலர் அன்றைக்கு ஒரு ரைடுகூட ஏறாமல் வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

விடுமுறைக்காரர் வேறு ரகம். ஊரிலிருந்து வந்த மாமாவிடம், "மாமா, இந்த வரிசை ஒன்றரை மணி நேரமாம். விட்டுட்டுப் போய்ச் சாப்பிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கே மாப்ள! இருபது மணி நேரம் பிளேன்ல உக்காந்து வந்தவன், ஒன்றரை மணி நேரம் நிக்க மாட்டேனா?" என்பார். வாதத்தில் ஓட்டை இல்லை. அவருக்கு இன்னொரு நாள் கிடையாது. கேட் திறக்கும் முன்பே வந்து நிற்பவர், ஏற வேண்டிய ரைடுகளைப் பட்டியல் போட்டு வைத்திருப்பவர், மத்தியான வெயிலிலும் வெளியே போகாதவர் எல்லாம் அவர்தான்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 50,000 பேர் வருகிறார்கள், எல்லோரும் விடுமுறைக்காரர், ஆளுக்குப் பத்து ரைடு ஏற நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பூங்கா அன்றைக்கு ஐந்து லட்சம் இருக்கை கொடுக்க வேண்டும். அதே 50,000 பேரும் உள்ளூர்க்காரர், ஆளுக்கு இரண்டு ரைடு போதும் என்றால் ஒரு லட்சம் இருக்கை. முதல் நாளில் ரைடு வரிசை வாசலைத் தாண்டி வழியும், நடைபாதை காலியாகக் கிடக்கும். இரண்டாவது நாளில் ரைடு பரவாயில்லை. ஆனால் சாப்பாட்டுக் கடையில் மேஜை கிடைக்காது, வாணவேடிக்கை நேரத்தில் தள்ளுவண்டியோடு நகர முடியாது. இரண்டு நாளும் "கூட்டம்" தான்.

ரைடுக்கு ரைடும் இது மாறும். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் படகு, சவாரி நன்றாக ஓடும் நாளில் மணிக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் விழுங்கிவிடும். பீட்டர் பான் ரைடோ 1955 முதல் இருப்பது. சின்னச் சின்னக் கப்பல்கள், கப்பலுக்கு இரண்டு மூன்று பேர். மணிக்கு ஆயிரம் பேரைக்கூடத் தொடாது. முன்னால் அறுநூறு பேர் நின்றால், மணிக்கு 800 பேர் ஏறும் ரைடில் 45 நிமிஷம்; 2,000 பேர் ஏறும் ரைடில் 18 நிமிஷம். அதனால்தான் வெளியூர்க் குடும்பங்கள் நிறைந்த காலையில் பீட்டர் பான் வரிசை முதலில் வீங்குகிறது. உள்ளூர்க்காரர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார், ராத்திரி பூட்டுகிற நேரம் வரை.

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவது மழை நாளில். அனஹைமில் மழை அபூர்வம். குளிர்காலத்தில் சில வாரங்கள் பெய்வதோடு சரி. வானிலை அறிக்கையில் மழை என்று வந்ததுமே பாஸ்காரர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுவார். பிப்ரவரியில் நசநசவென்று தூறும் செவ்வாய்க்கிழமை ஒன்று வாய்த்தால், நனைந்தாலும் பரவாயில்லை என்று கிளம்பிப் போய்விட வேண்டும். ஆர்லாண்டோவில் இந்தத் தந்திரம் பலிக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மத்தியான இடிமழை அன்றாட விஷயம். விடுமுறைக்காரர் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பார், ஹோட்டலுக்குத் திரும்பமாட்டார். மின்னலுக்காக வெட்டவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அங்கே நின்ற கூட்டம் முழுவதும் கூரையுள்ள ரைடுகளுக்கு ஓடும். ஆள் குறையாது, இடம்தான் மாறும்.

பாஸ் என்னும் மதகு

உள்ளூர்க்காரரைப் பூங்காவுக்குப் பழக்கியது வருடாந்திர பாஸ். ஆரம்பத்தில் டிஸ்னிலாந்தில் நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ஏறுகிற ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. பிறகு ரைடின் தரத்துக்கு ஏற்ப எழுத்து போட்ட டிக்கெட் புத்தகங்கள் வந்தன. 1982-இல் அவற்றை ஒழித்து, ஒரு முறை கட்டிவிட்டால் நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள். அதன்பின் எண்பதுகளில் வருஷத்துக்கும் ஒரே கட்டணம் என்ற பாஸ் வந்தது. கலிஃபோர்னியாவாசிகள் மாதத் தவணையிலும் கட்டலாம் என்றானதும் லட்சக்கணக்கானோர் கையில் பாஸ். செல்போன் பில் கட்டுகிற மாதிரி டிஸ்னிலாந்து பில்லும் மாதா மாதம் போய்விடும். கட்டியாகிவிட்டதே, சும்மா இருப்பானேன் என்று வாரக் கடைசியில் கிளம்பிவிடுவார்கள்.

இத்தனை பேரும் கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்தால், 200 டாலர் கொடுத்து வந்த வெளியூர்க்காரருக்கு நிற்க இடம் இருக்காது. அதற்காகத்தான் பிளாக்அவுட் நாட்கள். மலிவான பாஸ் என்றால் வருஷத்தில் பல நாட்கள் நுழைய முடியாது: கோடை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பல சனிக்கிழமைகள். விலை கூடக் கூடத் தடை குறையும். விடுமுறைக்காரர் வரும் காலத்தில் உள்ளூர்க்காரரைத் தடுத்து நிறுத்தி, வெளியூர்க்காரர் போனதும் திறந்துவிடுகிறார்கள்.

திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரியாத சங்கதி. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, சுற்றுலா சீசன் முடிந்தது, இனி கூட்டம் இருக்காது என்று ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ போய் நிற்பார்கள். அப்போதுதான் கோடை முழுக்கத் தடுக்கப்பட்டிருந்த மலிவு பாஸ்காரர்கள் ஹாலோவீன் அலங்காரம் பார்க்க உள்ளே இறங்கியிருப்பார்கள். சீசன் இல்லாத சனிக்கிழமை, ஜூலை மாத நெரிசலைத் தோற்கடித்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது 2019-இல் நடந்தது. அந்த ஆண்டு மே 31 அன்று டிஸ்னிலாந்தில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது. 14 ஏக்கர், பல வருஷ எதிர்பார்ப்பு. கூட்டம் தாங்காது என்று பயந்து, முதல் சில வாரங்களுக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், அதுவும் நான்கு மணி நேரம் மட்டும் என்று அனுமதித்தார்கள். மலிவு பாஸ்காரர்களுக்குக் கோடையில் பெரும்பாலான நாட்கள் தடை. கடைசியில் பார்த்தால் அந்தக் கோடையில் பல நாட்கள் பூங்கா வழக்கத்தைவிடக் காலியாக இருந்தது. கூட்டம் மிதிக்கும் என்று பயந்து வெளியூர்க்காரர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். சுற்றுவட்டார ஹோட்டல்கள் வேறு வாடகையை ஏற்றிவிட்டன. டிஸ்னியின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகரே முதலீட்டாளர்களுக்கு இந்தக் காரணங்களைச் சொல்ல நேர்ந்தது. உள்ளூர்க்காரரைத் தடுத்தாயிற்று, விடுமுறைக்காரர் தானாகவே வரவில்லை. விஷயம் தெரிந்து அந்த ஜூலையில் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கொரோனா இந்தக் கதையில் ஒரு வினோதமான பரிசோதனை. 2020 மார்ச்சில் மூடிய டிஸ்னிலாந்து 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறந்தது. ஜூன் 15 வரை கலிஃபோர்னியாவாசிகளுக்கு மட்டும் அனுமதி. ஆறு வாரம் போல முழுக்க முழுக்க உள்ளூர்க்காரர் பூங்கா! ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு, ஜனவரியிலேயே, பழைய பாஸ் திட்டத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் நாள் டிக்கெட் வாங்கித்தான் வந்தார்கள்.

ஆகஸ்டில் பாஸ் புதுப் பெயரில் திரும்பியது: மேஜிக் கீ. 399 டாலர் முதல் 1,399 டாலர் வரை நான்கு ரகம். இப்போது தேதித் தடையோடு முன்பதிவும் சேர்ந்துகொண்டது. பாஸ் இருந்தால் மட்டும் போதாது, அந்த நாளுக்கு இடமும் பிடிக்க வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒரு ஒதுக்கீடு, டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு வேறு ஒதுக்கீடு. எந்த நாளும் தடையில்லை என்று சொல்லி விற்ற 1,399 டாலர் பாஸ் வாங்கியவர்கள், டிக்கெட் விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே தங்களுக்கு மட்டும் இடம் இல்லை என்று காட்டுவதைப் பார்த்துக் கொதித்தார்கள். வழக்கு போய், 95 லட்சம் டாலர் கொடுத்து டிஸ்னி சமரசம் செய்துகொண்டது. என்னைக் கேட்டால், அந்த முன்பதிவுப் பக்கம்தான் பூங்காவின் மனசைத் திறந்து காட்டியது. இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு கதவு வைத்து, எந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்று தினமும் முடிவு செய்கிறார்கள்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? விடுமுறைக்காரர் டிக்கெட்டுக்குக் கொடுக்கிறார், ஹோட்டலுக்குக் கொடுக்கிறார், மூன்று வேளையும் உள்ளேயே சாப்பிடுகிறார், பேத்திக்கு மிக்கி காது வாங்குகிறார். உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். காது வீட்டில் ஏற்கெனவே ஏழெட்டு இருக்கும். 2022-இல் டிஸ்னியின் காலாண்டு அறிக்கை ஒன்று, டிஸ்னிலாந்தில் வருகையாளர் கலவை, அதாவது எந்த வகை ஆட்கள் எத்தனை பேர் என்பது, சாதகமாக இல்லை என்று ஒரு வரியில் குறிப்பிட்டது. பாஸ்காரர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அழவில்லை, சாதகமற்றவர்கள் நாங்கள் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பூங்காவுக்கே போனார்கள்.

ஆனாலும் உள்ளூர்க்காரர் வேண்டும்

அவ்வளவு தொந்தரவு என்றால் பாஸையே ஒழித்துவிடலாமே? முடியாது. விமானம் பறக்காத காலத்தில் உள்ளூர்க்காரர்தான் கஞ்சி ஊற்றுவார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மக்கள் விமானம் ஏறப் பயந்தபோது அடி அதிகம் வாங்கியது ஆர்லாண்டோ. காரில் வருகிறவர்களை நம்பியிருந்த அனஹைம் அந்த அளவுக்குச் சரியவில்லை.

உள்ளூர்க்காரரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வருஷத்தில் உதாரணம் உண்டு. 2001 பிப்ரவரியில் டிஸ்னிலாந்துக்கு எதிரேயே கலிஃபோர்னியா அட்வென்ச்சர் என்ற இரண்டாவது பூங்காவைத் திறந்தார்கள். கலிஃபோர்னியாவின் கடற்கரை, ஹாலிவுட், திராட்சைத் தோட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பது யோசனை. வெளியூர்க்காரருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் கலிஃபோர்னியாக்காரர்கள். அரை மணி காரோட்டினால் நிஜக் கடற்கரை, நிஜ ஹாலிவுட். செட் போட்ட ஹாலிவுட்டைக் காசு கொடுத்துப் பார்க்க அவர் ஏன் வருவார்? ஒரு முறை வந்தவர்களும் திரும்பவில்லை. சுமார் 110 கோடி டாலர் செலவழித்துத் திருத்திக் கட்டி, 2012 ஜூனில் கார்ஸ் படத்தை வைத்து அமைத்த கார்ஸ் லேண்டைத் திறந்த பிறகுதான் அந்தப் பூங்கா தலை நிமிர்ந்தது.

திரும்பத் திரும்ப வருகிறவரைத் திரும்ப வரவைக்க ஏதாவது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக அனஹைமில் 2001 முதல் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடை மூடி, ஹாலோவீனும் கிறிஸ்துமஸும் கலந்த புது அலங்காரத்தோடு சில மாதங்களுக்குத் திறக்கிறார்கள். டோக்கியோ டிஸ்னிலாந்திலும் 2004 முதல் இந்த வழக்கம் உண்டு. அங்கேயும் கூட்டத்தில் பெரும்பங்கு டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதிக்காரர்கள். ஃப்ளோரிடாவில் அதே ரைடு இருக்கிறது, இந்த அலங்காரம் மட்டும் கிடையாது. வாழ்நாளில் ஒரு முறை வருகிறவருக்கு அசல் ரைடைக் காட்ட வேண்டும். அவர் வந்த வாரம் பார்த்து அலங்காரத்துக்காக மூடி வைத்திருந்தால் சும்மா விடுவாரா?

ஆர்லாண்டோவில் உள்ளூர்க்காரர் இல்லவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஃப்ளோரிடாவாசிகளுக்கென்றே மலிவு பாஸ் உண்டு. அவர்கள் மொய்ப்பது அங்குள்ள நான்கில் ஒன்றான எப்காட் பூங்காவில், முக்கியமாக இலையுதிர் காலத்து உணவு, ஒயின் திருவிழாவின் சனி, ஞாயிறுகளில். ஏரியைச் சுற்றி நடந்தபடியே ஒரு தட்டு இங்கே, ஒரு கிளாஸ் அங்கே என்று சாயங்காலத்தைக் கழிப்பார்கள். ஆகவே அந்தச் சீசனில் எப்காட்டுக்கு வார நாளில் போவதும், வாரக் கடைசியை மேஜிக் கிங்டத்துக்கு வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம். ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்துப் பூங்காக்களுக்கு நேர் எதிரான நாட்கள்.

விடுமுறைக்காரர் பூங்காவைப் புரிந்துகொள்ள ஊர் ஊராகப் பள்ளி நாட்காட்டி தெரிய வேண்டும். நவம்பர் முதல் பாதியில் நியூ ஜெர்சி ஆசிரியர் சங்க மாநாடு நடக்கும். அந்த வியாழன், வெள்ளியில் அங்கே பள்ளிகள் மூடியிருக்கும். இதை அறியாமல், நவம்பர் தொடக்கம் என்ன சீசன் என்று ஆர்லாண்டோ போகிறவர்கள் நியூ ஜெர்சியே எதிரில் நடந்து வருவதைப் பார்ப்பார்கள். ரசிகர்கள் இதற்கு ஜெர்சி வாரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூலையில் பிரேசிலில் குளிர்கால விடுமுறை. ஒரே நிற பனியன் போட்ட மாணவர் குழுக்கள், முன்னால் கொடி பிடித்த ஒரு வழிகாட்டி, நடுவில் பாட்டு, கைதட்டல். அனஹைமில் இதெல்லாம் அவ்வளவாகப் பாதிக்காது. அங்கே கவனிக்க வேண்டியது மே, ஜூனில் பள்ளி இறுதி வகுப்பு முடித்த மாணவர்களை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கும் கிராட் நைட். 1961 முதல் இருக்கிறது.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் போன்ற ரோலர் கோஸ்டர் பூங்காக்கள் இந்த அளவுகோலில் உள்ளூர்ப் பக்கம் இன்னும் தள்ளி நிற்பவை. சீசன் பாஸ் மலிவு; வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். அதில் வேறு மாதிரித் தலைவலி உண்டு. டிஸ்னிலாந்துக்குப் பக்கத்து ஊரான புவெனா பார்க்கில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் 2022 ஜூலை சனிக்கிழமை ஒன்றில் பதின்வயதினரின் கைகலப்பு முற்றிப் பூங்காவைச் சீக்கிரமே மூடினார்கள். அதற்குப் பிறகு வாரக் கடைசிகளில் 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், 21 வயதாவது நிரம்பிய ஒருவரோடுதான் வரலாம் என்று விதி வந்தது.

சரி, நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அனஹைம் என்றால் பள்ளி விடுமுறையைப் பார்ப்பதற்கு முன் பாஸ் தடைக் காலண்டரைப் பாருங்கள். டிஸ்னிலாந்தின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படியே போட்டிருப்பார்கள். மலிவான பாஸ்கள் தடைப்பட்டிருக்கும், ஆனால் பெரிய பண்டிகை எதுவும் இல்லாத வார நாள் கண்ணில் பட்டால் கொத்திக்கொள்ளுங்கள். தடை நீங்கும் முதல் வாரத்தை விட்டு விலகுங்கள். வாரக் கடைசிதான் கிடைக்கும் என்றால் காலை கேட் திறக்கும்போதே போய், மதியத்துக்குள் ரைடுகளை முடித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் பெரும்பாலும் சோம்பலாக எழுந்து மெதுவாகத்தான் வருவார். பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கும் ஞாயிறு மதியமும் ஒரு வாய்ப்பு. ஊரே டிவி முன்னால் இருக்கும்.

நாள் டிக்கெட்டின் விலையும் ஒரு துப்பு. 2016 முதல் டிஸ்னிலாந்து நாளுக்கு நாள் வேறு விலை வைக்கிறது. அப்போது 95, 105, 119 டாலர் என்று மூன்றே படி. இன்று மலிவான நாளுக்கு 104, உச்ச நாளுக்கு 200-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த விலை டிக்கெட் வாங்குகிற கூட்டத்தைத்தான் கணிக்கிறது. பாஸ்காரருக்கு எல்லா நாளும் ஒரே விலை. ஆகவே மலிவான நாளில் தடையும் இல்லை என்றால், வரிசை நீங்கள் நினைத்த அளவுக்குக் குறையாமல் போகலாம். கூட்டம் குறைவு என்று தெரிந்த நாளில் பூங்காவும் ஆள்பலத்தைக் குறைக்கும், சீக்கிரம் மூடும், சில ரைடுகளைப் பழுதுபார்க்க எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாட்டி தாத்தாவோடு போவதென்றால், ஏற நினைக்கும் ரைடு அன்று ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. அண்மை ஆண்டுகளில் ஜனவரி முதல் மே வரை போலக் கலிஃபோர்னியாவாசிகளுக்கென்று மூன்று நாள் டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்றிருக்கிறார்கள். வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மூன்று நாளையும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை. எனவே ஜனவரியில் வாங்கியவர்கள் இரண்டு நாளைப் பயன்படுத்திவிட்டு மூன்றாவதை இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்து, காலாவதியாகும் கடைசி வாரங்களில் அலறிப் புடைத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் உறவினர் வரும் தேதி மே கடைசியை ஒட்டி இருந்தால், அந்த ஆண்டுச் சலுகை என்றைக்கு முடிகிறது என்று பார்த்து, முடிந்ததற்கு அடுத்த வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ போடுங்கள்.